முகாமில் மைனஸ் 3.1, ஸ்கேனில் மைனஸ் 2.1: எதை நம்புவது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். 41 வயதில் கட்டி என்று சொல்லி கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பல வருடமாகத் தைராய்டு மாத்திரை (125 மைக்ரோகிராம்) சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டாப்ரசோல். இரண்டு வருடம் முன்பு கொல்லையில் துவைக்கும் கல் பக்கம் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். சென்ற மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து, "மைனஸ் 3.1, எலும்பு ரொம்ப மோசம்" என்றார்கள். பயந்துபோய் மதுரையில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். அதில் முதுகெலும்பு மைனஸ் 2.1, இடுப்பு மைனஸ் 2.3. "ஆஸ்டியோபீனியாதான், ஆஸ்டியோபோரோசிஸ் இல்லை, கால்சியம் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 78% என்றும் இருக்கிறது. 22 சதவீத எலும்பு கரைந்துவிட்டதா? கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் கிட்னியில் கல் வரும் என்கிறார் நாத்தனார். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, போட்டுவிடலாம் என்கிறான் மகன். எனக்கோ கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியும் உண்டு. முன்பு கைக்கு எட்டிய சாமி அலமாரியின் மேல்தட்டு இப்போது எட்டுவதில்லை. 31 வயதில் கைக்குழந்தையோடு இருக்கும் என் மகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பெரும்பாலோர் கடைசி வரியை மட்டும் எழுதி அனுப்புவார்கள். உங்களுக்கு அந்தக் கடைசி வரியைவிட, இரண்டாம் பக்கத்தில் ஸ்கேன் படத்துக்குக் கீழே இருக்கும் சின்ன அட்டவணைதான் முக்கியம். அதற்கு வருகிறேன்.

முதலில் முகாமை முடித்துவிடலாம். குதிகாலை வைத்துப் பார்த்தது அல்ட்ராசவுண்ட். ஒலி அலை எலும்பு வழியாக எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து அது ஒரு எண் தரும். அடர்த்தியை அது நேரடியாக அளப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த "மைனஸ் 2.5" என்ற கோடு, டெக்ஸாவில் எடுத்த முதுகு, இடுப்பு, முன்கை அளவுகளுக்குத்தான் பொருந்தும். எண் அந்தக் கோட்டிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு எளிதில் உடையும் அளவுக்கு அடர்த்தி குறைந்த நிலை; கோட்டுக்குச் சற்று மேலே இருந்தால் ஆஸ்டியோபீனியா, அடர்த்தி ஓரளவு குறைந்த நிலை. குதிகால் மெஷின் சொன்ன மைனஸ் 3.1-ஐ அந்தக் கோட்டோடு ஒப்பிடவே கூடாது. உங்களை மதுரைக்கு அனுப்பியதோடு அதன் வேலை முடிந்தது. அந்தச் சீட்டை ஃபைலில்கூட வைக்க வேண்டாம். இலவச முகாம்களில் மெஷினுக்கு அடுத்த மேஜையிலேயே கால்சியம் டப்பாவும் சத்துப் பவுடரும் அடுக்கியிருந்தால், அங்கே வரும் எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதில் தப்பில்லை.

இனி டெக்ஸா ரிப்போர்ட். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று எண்கள் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது அடர்த்தி: உங்கள் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.816 கிராம். மெஷின் உண்மையில் அளந்தது இது ஒன்றைத்தான். மற்ற இரண்டும் இதிலிருந்து கணக்குப் போட்டவை. டி-ஸ்கோர் (நீங்கள் எழுதிய மைனஸ் 2.1, மைனஸ் 2.3 இதுதான்) என்பது, 20 முதல் 30 வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பது. இசட்-ஸ்கோர், உங்கள் வயதுப் பெண்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. உங்களுக்கு முதுகில் இசட் மைனஸ் 0.8. உங்கள் வயதில் இது சாதாரணம். மைனஸ் 2-க்குக் கீழே போயிருந்தால் "வயது தவிர வேறு ஏதோ எலும்பை அரிக்கிறது" என்று தேட வேண்டிய அவசரம் வந்திருக்கும். ஆனால் இசட் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் அடையவும் முடியாது. உங்கள் வயதில் பலருக்கும் எலும்பு குறைந்துதான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்பதால் எலும்பு உடையாது என்று ஆகிவிடாது.

அந்த 78% என்பதும் இதே ஒப்பீடுதான். இளம்பெண்களின் சராசரி அடர்த்தியை நூறு என்று வைத்தால் உங்களுடையது 78. இதைப் பார்த்து 22 சதவீதம் கரைந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அப்படிச் சொல்ல வழியே இல்லை. 25 வயதில் உங்களுக்கு எவ்வளவு எலும்பு இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. எலும்பு சேர்வது ஏறக்குறைய 30 வயதுக்குள் முடிந்துவிடும். யாருக்கு எவ்வளவு சேரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரை தீர்மானிக்கிறது. மீதியைச் சின்ன வயதுச் சாப்பாடும் ஓட்டமும் வெயிலும். சிலர் 90-ல் தொடங்கி 78-க்கு வருவார்கள், சிலர் 110-ல் தொடங்கி அதே இடத்துக்கு வருவார்கள். ஒரே ஒரு ஸ்கேன் இன்றைய இருப்பைத்தான் காட்டும். குறைந்துகொண்டு வருகிறதா, எவ்வளவு வேகமாக என்பதற்கு இரண்டாவது ஸ்கேன் வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெக்ஸா நிழற்படம் மாதிரி தட்டையாகப் பார்க்கிறது. எலும்பின் பருமனை அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால் சின்ன உடல்வாகு உள்ளவர்களுக்கு, எலும்பு நன்றாக இருந்தாலும், எண் சற்றுக் குறைவாகவே வரும். இடுப்புக்கு உலகம் முழுவதும் பயன்படும் ஒப்பீட்டு அளவு அமெரிக்க வெள்ளை இனப் பெண்களிடம் எடுத்தது. ஐந்தடிக்குக் கீழே, 45 கிலோ எடையில் இருக்கும் நம் ஊர்ப் பெண் ஒருவருக்கு மைனஸ் 1.5 வந்தால், வேறு ஆபத்து எதுவும் இல்லாத பட்சத்தில், நான் பயமுறுத்த மாட்டேன். உங்கள் கதை அப்படியில்லை.

இப்போது அந்தச் சின்ன அட்டவணை. முதுகின் கீழ்ப்பகுதியில் எல்1 முதல் எல்4 வரை நான்கு எலும்புகளை அளந்து, சேர்த்து ஒரு எண் போடுகிறார்கள். உங்களுக்கு எல்1 மைனஸ் 2.8, எல்2 மைனஸ் 2.6, எல்3 மைனஸ் 2.3, எல்4 மட்டும் மைனஸ் 1.0. மூன்று எலும்பு ஒரு பக்கம், நான்காவது தனியாக ஏறி நிற்கிறது. எல்4 ஒன்றுக்கு மட்டும் திடீரென்று பலம் வந்துவிடாது. வயதாக ஆக, கீழ் முதுகில் எலும்பு ஓரங்களில் முள் மாதிரி வளரும், மூட்டுகள் தடிக்கும். ஸ்கேன் அந்தக் கால்சியத்தையும் எலும்பின் கணக்கில் சேர்த்துவிடும். முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், முன்பே நசுங்கிப்போன எலும்பு அந்த இடத்தில் இருந்தாலும் அதே கதைதான். படத்தில் எல்4-ன் வலது ஓரம் வெள்ளையாகத் தெரிவதும் இதோடு ஒத்துப்போகிறது.

பக்கத்து எலும்பிலிருந்து ஒரு எண்ணுக்கு மேல் வித்தியாசப்படும் எலும்பை நீக்கிவிட்டு மீதியை வைத்துப் படிக்க வேண்டும் என்பது டெக்ஸா படிப்பவர்களின் விதி. எல்4-ஐ எடுத்துவிட்டால் உங்கள் முதுகின் ஸ்கோர் மைனஸ் 2.5-ஐத் தொட்டு நிற்கும். அந்த மையத்துக்குப் போன் போட்டு, "எல்1 முதல் எல்3 வரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுத் தர முடியுமா?" என்று கேளுங்கள். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் படத்திலேயே செய்யலாம்.

ஆக, "ஆஸ்டியோபீனியாதான்" என்ற வரி நிற்காது என்று நினைக்கிறேன். ஆனால் அது நின்றாலும் என் ஆலோசனை மாறாது, ஏனென்றால் உங்கள் மணிக்கட்டு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

நிற்கும் உயரத்திலிருந்து விழுந்து ஒரு எலும்பு உடைந்தால், அது எலும்பின் பலவீனத்தால் உடைந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாடிப்படியில் உருண்டதோ, பைக்கிலிருந்து விழுந்ததோ வேறு கணக்கு. நீங்கள் துவைக்கும் கல் பக்கத்தில் நின்ற இடத்திலேயே வழுக்கியிருக்கிறீர்கள். அன்று மாவுக்கட்டுப் போட்டவர்கள், கட்டைப் பிரித்தவர்கள், பிசியோ கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் "ஏன் உடைந்தது?" என்று கேட்கவில்லை. இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல; எலும்பைச் சேர்த்தாயிற்று, கை மடங்குகிறது, வேலை முடிந்தது என்றுதான் எல்லா இடத்திலும் போகிறது. ஒருமுறை இப்படி உடைந்தவருக்கு மறுபடி வேறொரு எலும்பு உடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மைனஸ் 2.5 என்பது பேச வசதிக்காகப் போட்ட கோடு. 2.4-ல் பாதுகாப்பு, 2.6-ல் ஆபத்து என்று எலும்புக்குத் தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆஸ்டியோபீனியா என்று பெயர் வாங்கியவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், உடையும் எலும்புகளில் பெரும்பாதி அவர்களுடையதுதான். உங்களைப் போல ஆஸ்டியோபீனியாவோடு மணிக்கட்டும் உடைந்தவர்களுக்கு மருந்து தரலாம் என்றுதான் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

சாமி அலமாரி விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைப்பேன். முதுகெலும்பு நசுங்குவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். மூன்றில் இரண்டு பேருக்கு அது நடந்ததே தெரியாது. கொஞ்சம் முதுகு வலி, ஒரு வாரம் தைலம், அவ்வளவுதான். அப்புறம் உயரம் குறைகிறது, புடவை தரையில் புரள்கிறது, எட்டியது எட்டாமல் போகிறது. சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று பாருங்கள். முகத்தை நிமிர்த்தாமல் நேராகப் பார்த்தபடி பின்தலை சுவரைத் தொடுகிறதா? தொடாவிட்டால், அல்லது இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், நடுமுதுகுக்கும் கீழ்முதுகுக்கும் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்களுக்கு இந்தச் சோதனை எப்படி வந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்பேன். சில நூறு ரூபாய்ச் செலவு. அதில் ஒரு எலும்பு நசுங்கியிருப்பது தெரிந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தான். எந்த மருந்து என்ற முடிவும் மாறும்.

முழங்கால் வலிக்கும் இந்த ஸ்கேனுக்கும் சம்பந்தம் இல்லை. அது மூட்டுக் குருத்தெலும்பின் பிரச்சினை. எலும்பு அடர்த்தி குறைவது, எலும்பு உடையும்வரை, வலிக்காது. ஊசி போட்டால் முழங்கால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏன் இப்படி ஆயிற்று? முதல் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. எலும்பு உயிருள்ள பொருள். பழையதை அரித்து எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதைக் கட்டும் செல்கள் மறுபக்கம் என்று வாழ்நாள் முழுக்க வேலை நடக்கிறது. அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் தானாக நிற்கும்போதே அடுத்த ஐந்து, ஏழு வருடங்களில் சிலருக்கு எலும்பின் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். சினைப்பையை எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறையாமல் ஒரே நாளில் நிற்கிறது. உங்களுக்கு அது 41 வயதில் நடந்திருக்கிறது. இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கலாம். அதற்குத் தடை சொல்லும் காரணம் ஏதும் அப்போது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இப்போது 58 வயதில், 17 வருடம் கழித்து, அதைப் புதிதாக ஆரம்பிக்க நான் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்கு ஒன்று: நாற்பதை ஒட்டி கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பேச்சு வந்தால், சினைப்பைகளை விட்டுவைக்க முடியுமா என்று மேஜையில் படுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இரண்டாவது, தைராய்டு மாத்திரை. சரியான அளவில் அது எலும்புக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. அளவு கூடிப்போய், ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 0.1-க்குக் கீழே இறங்கினால், எலும்பு வேகமாகக் கரையும். 125 என்பது பெரிய டோஸ் என்று சொல்ல முடியாது, ஆனால் கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் அதே மாத்திரையை வாங்குபவர்கள் நிறைய. மூன்றாவது, பான்டாப்ரசோல். நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு எலும்பு முறிவு சற்று அதிகம் என்று ஆய்வுகளில் தெரிகிறது. அதுவே காரணமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அதைத் தினமும் சாப்பிட வேண்டியிருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, டிஎஸ்ஹெச், ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் கூடுதலாக இருந்தால் பாராதைராய்டு ஹார்மோனையும், காரணம் தெரியாத ரத்தசோகையும் உயர்ந்த இஎஸ்ஆரும் இருந்தால் ரத்தப் புரதங்களையும் பார்க்க வேண்டும். இதில் நம் ஊரில் தவறவிடக் கூடாதது ஒன்று உண்டு. வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பில் கால்சியம் படியாமல் எலும்பு மெத்தென்று ஆகிவிடும், ஆஸ்டியோமலேசியா என்பார்கள். தொடையிலும் இடுப்பிலும் மந்தமான வலி, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிவது, வாத்து நடை, இவை அடையாளங்கள். டெக்ஸாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. குறைந்த அடர்த்தி என்று மட்டும் காட்டும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்து, பாஸ்பரஸ் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்த நிலையில் நேராக எலும்பு ஊசி போட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று விழுந்து கை கால் இழுத்துக்கொள்ளும். வைட்டமின் டி-யைச் சரிசெய்தாலே இவர்களில் பலருக்கு ஸ்கோர் ஏறிவிடும்.

வைட்டமின் டி குறைவென்றால் வழக்கமாக 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவார்கள், அப்புறம் மாதம் ஒன்று. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு தின்று, வாந்தியும் கிட்னி பாதிப்புமாக வருபவர்கள் உண்டு. மருந்துக் கடைக்காரரிடம் ஒரே நாளில் பத்து வாங்கி வைக்காதீர்கள்.

கால்சியத்துக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. காலை, மாலை காபியிலும் இரவிலுமாக மொத்தம் 300 மில்லி பால் என்றால் 350 கிட்ட வரும். மதியம் ஒரு கிண்ணம் தயிர், 180. இரண்டு கேழ்வரகு அடை, மாவு 60 கிராம் என்றால் 200-க்கு மேல். முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு கைப்பிடி, எள்ளுப்பொடி ஒரு ஸ்பூன் என்று சேர்த்தால் இன்னும் 150, 200. கருவாட்டு நெத்திலியை முள்ளோடு மெல்லும் பழக்கம் இருந்தால் அதுவும் கணக்கு. பசலை மாதிரியான கீரைகளில் கால்சியம் இருந்தாலும் அவற்றிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உடலுக்குக் கொஞ்சம்தான் போகும். ஒரு வாரம் சாப்பிடுவதை எழுதிப் பாருங்கள். 700, 800 வந்தால், குறைவதற்கு 500 மில்லிகிராமில் ஒரு மாத்திரை போதும். இரண்டு, மூன்று தேவையில்லை.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006-ல் வெளியான பெரிய ஆய்வில், தினம் 1,000 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகமாக வந்தது. சாப்பாட்டில் வரும் கால்சியம் அப்படிச் செய்வதில்லை. குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளுவதால் கல் குறைகிறது என்றுகூடச் சொல்லலாம். அதனால்தான் முதலில் தட்டு, மீதிக்கு மாத்திரை என்கிறேன். உங்களுக்கு முன்பே கல் வந்ததுண்டு என்றால் மாத்திரைக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பான்டாப்ரசோலால் வயிற்றில் அமிலம் குறைந்திருப்பதால் உங்களுக்குக் கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் ஏற்றது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை ஏறாது. மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டும் உங்களுக்குப் போதாது. அவை அரிக்கும் செல்களை நிறுத்துவதில்லை. அதற்கு மருந்து வேண்டும். வழக்கமாக முதலில் எழுதுவது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். தினமும் நெஞ்செரிச்சல் உள்ள உங்களுக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து.

உங்களுக்கு நான் முதலில் யோசிப்பது ஜோலெட்ரோனிக் ஆசிட். 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒரு முறை, டிரிப்ஸில் ஏற்றுவது. வயிற்றைத் தொடாது. 2007-ல் வெளியான மூன்று வருட ஆய்வில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தது. முதல் தடவை போட்டதும் ஒன்று முதல் மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், வைட்டமின் டி சரியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன ரத்தப் பரிசோதனை அதற்காகவும்தான். மூன்று வருடம் கழித்து, நிலைமையைப் பார்த்து நிறுத்தி வைக்கலாம்.

உங்கள் மகன் சொல்லும் ஆறு மாத ஊசி டெனோசுமாப். நல்ல மருந்துதான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, அதைச் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் அதன் வேலை நின்றுவிடும். அடக்கி வைத்திருந்த செல்கள் மொத்தமாக விழித்துக்கொள்ளும். ஊசியைத் தள்ளிப்போட்டாலோ, நாமாக நிறுத்தினாலோ, சிலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று முதுகெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. நிறுத்துவதென்றால் வேறு மருந்தை வைத்துத்தான் நிறுத்த வேண்டும். கையில் பணம் இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்ற கதை இதில் நடக்காது. மகனிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு நசுங்கியிருப்பது தெரிந்தால், புதிய எலும்பைக் கட்டும் டெரிபாராடைடு என்ற தினசரி ஊசியைப் பற்றியும் உங்கள் டாக்டர் பேசுவார், விலை அதிகம்.

பல் விஷயம்: இந்த மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போவது, ஆஸ்டியோபோரோசிஸுக்குக் கொடுக்கும் அளவில், மிக அரிது. புற்றுநோய்க்கு மாதாமாதம் கொடுக்கும் பெரிய அளவுகளில்தான் அதிகம் பார்க்கிறோம். இருந்தாலும் எடுக்க வேண்டிய பல்லை முதலில் எடுத்து, புண் ஆறிய பிறகு ஊசி போடுங்கள். ஒன்றிரண்டு மாதம் தாமதமானால் எதுவும் கெட்டுவிடாது. வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பு விசித்திரமாக உடைவதும் உண்டு. மருந்து எடுக்கும் காலத்தில் தொடையிலோ கவட்டியிலோ புது வலி வந்தால் சொல்லுங்கள்.

விழாமல் இருப்பதற்கு மருந்துக் கடையில் எதுவும் கிடையாது. துவைக்கும் கல்லைச் சுற்றிப் பாசியைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், சொரசொரப்பான தரை போட முடிந்தால் இன்னும் நல்லது. ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு. நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது, காலையில் பத்து, மாலையில் பத்து. குனிந்து நிலத்தைத் தொடும் ஆசனங்களும், குனிந்த வாக்கில் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் எக்ஸ்ரே முடிவு வரும்வரை வேண்டாம்.

அடுத்த டெக்ஸா, ஊசி ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடம் கழித்து. அதே மையத்தில், அதே மெஷினில். வேறு கம்பெனி மெஷினில் எடுத்தால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. அப்போது டி-ஸ்கோரைப் பார்க்காதீர்கள், கிராமில் இருக்கும் அடர்த்தியைப் பாருங்கள். இன்று 0.816 என்பது அன்று 0.800 ஆனால் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். படுத்த விதம் மாறினாலே அவ்வளவு வரும். முதுகில் நான்கைந்து சதவீதம் மாறினால்தான் உண்மையான மாற்றமா என்று யோசிக்க வேண்டும். எல்4-ஐ விட்டுவிட்டுத்தான் அப்போதும் ஒப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். ஸ்கேன் அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம்.

மகளுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை. பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பு மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை குறையும். குழந்தை பால் மறந்த பிறகு ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானே திரும்பிவிடும். இப்போது எடுத்தால் குறைவாகக் காட்டி, வீணாக மாத்திரை ஆரம்பித்து விடுவார்கள். அவளுக்கு மூன்று வேளை நல்ல சாப்பாடும் பாலும் கேழ்வரகும் போதும். குழந்தை பால் மறந்த பிறகும் மாதவிடாய் மாதக்கணக்கில் வராமல் இருந்தாலோ, மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்தாலோ, சும்மா விழுந்ததற்கே எலும்பு உடைந்தாலோ அப்போது பார்க்கலாம்.